சைலன்சரில் ஒட்டிய நீலம்

பாலா,

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் முன்னாடியே சொன்னேன். எப்போது சொன்னாய், யாரிடம் சொன்னாய் என்று உன் சித்தி கேட்பாள். அவளுக்கு ஞாபகசக்தி கிடையாது. நீ அந்த வண்டியை முதல்முதலாக வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாயே, அன்றைக்கே, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்த கையோடு சொன்னேன், இவ்வளவு நீளமான குரோம் சைலன்சர் உன் கையில் ஒரு மழைக்காலம் தாங்காது என்று. தரகர் அம்மா ரேவதியின் ஜாதகத்தைக் கொண்டுவந்தபோது சொன்னேன், இது பத்திரிகை அடிக்கிற வரைக்கும் போகாது என்று. நீ கோபித்துக்கொண்டு பூந்தமல்லியில் அறை எடுத்துப் போனபோதும் சொன்னேன், இவன் அங்கேயும் நிற்கமாட்டான், வடக்கே எங்கேயாவது போவான் என்று. இப்போது புனேக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருக்கிறாயாம். எட்டாவது வரை படித்த ஒருவன் இத்தனையும் முன்கூட்டியே சொல்லியிருக்கிறான். நீ இன்ஜினியரிங் முடித்தவன், மூன்றில் ஒன்றுகூட உனக்குத் தெரியவில்லை.

நாலு மாதமாக என்னோடு பேசாமல் இருந்துவிட்டு நேற்று ஒரு படம் அனுப்பியிருக்கிறாய். சைலன்சர் படம். வளைவுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு நீலக் கறை, அதைச் சுற்றிக் கீறல்கள். கூடவே ஒரு வரி: வண்டியை விற்கப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆள் பார்க்க வருகிறார், இந்தக் கறை எதைப் போட்டால் போகும்? அவ்வளவுதான். சித்தப்பா என்று ஒரு வார்த்தை இல்லை. மெக்கானிக்குக்கு அனுப்புகிற மாதிரி அனுப்பியிருக்கிறாய். நீ தனியாகக் கேட்டாய்; நான் பதிலைக் கையால் எழுதிப் படம் பிடித்து நம் சொந்தக்காரர்கள் குழுவிலேயே போடப்போகிறேன். உன் கல்யாணம் நின்றதற்கு நான்தான் காரணம் என்று அந்தக் குழுவில் பாதிப் பேர் என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். அவர்களும் படிக்கட்டும். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

முதலில் கறைக்கு வருகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருடம், உலோகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற பஃபிங் சக்கரத்துக்கு முன்னால் நின்றவன் நான். என் கை படாத குரோம் அந்தக் காலத்தில் சென்னை ரோட்டில் ஓடவில்லை. ஒரு மந்திரியின் கார் பம்பரை நான் பாலிஷ் போட்டுக் கொடுத்தேன்; அவர் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு மேடைக்குப் போனார். குரோமைப் பற்றி ஒன்று தெரிந்துகொள். அது பார்க்கத்தான் இரும்பு மாதிரி இருக்கும். உண்மையில் முடியைவிட மெல்லிய பூச்சு. அதற்குக் கீழே நிக்கல், அதற்கும் கீழேதான் இரும்பு. மேல் பூச்சைத் தேய்த்துவிட்டாய் என்றால் லேசாக மஞ்சள் அடிக்கும். அப்புறம் எந்தப் பாலிஷும் அதைக் காப்பாற்றாது, திரும்ப முலாம் தொட்டியில் முக்கித்தான் எடுக்க வேண்டும். ஆகவே இரும்பில் செய்த எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. வண்டியை ஏழெட்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்து. குழாய் சூடாக இருக்கும்போது, உருகி ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் இளகிக்கொடுக்கும். ஐஸ் குச்சியால் சாய்வாகத் தள்ளினால் தோல் மாதிரி உரிந்து வரும். மிச்சம் இருக்கிற நிறத்துக்கு, வண்டி நன்றாக ஆறிய பிறகு, ஆறிய பிறகு என்று இரண்டு தடவை எழுதுகிறேன், நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடை. கடைசியில் பிரியாணி சுற்றி வருகிற வெள்ளித்தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, குழந்தை முதுகைத் தேய்க்கிற மாதிரி தேய். முடிந்தது. இதற்கு மேல் கடவுளுக்கும் தெரியாது.

ஆனால் இந்தக் கீறல்கள் போகாது. அவை உன் கைவண்ணம். ஞாபகம் இருக்கிறதா, அந்த வெள்ளிக்கிழமை காலை? வேலைக்குக் கிளம்பி வந்து வண்டியைப் பார்த்தாய். சைலன்சரில் நீலமாக ஒரு கட்டி உருகி வழிந்து காய்ந்து கிடந்தது. செத்துப்போன பிராணியைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்தாய். மறுநாள், ரேவதி வீட்டார் நம் வீடு பார்க்க வருவதற்கு முந்தின நாள், ஒரு ஆக்சா பிளேடை எடுத்துக்கொண்டு குந்தினாய். நான் நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். நீ முதல் கீறல் போட்டபோதே எனக்குத் தெரியும். பத்தாவது கீறலுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. டீ முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன் மாதிரி கம்ப்யூட்டரில் படம் வரைந்து சம்பளம் வாங்குகிறவன் ஒரு குழாயோடு மல்லுக்கட்டி வேர்த்துக் கொட்டுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. உனக்குப் பத்து வயதில், உன் அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய், நீ எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தாயே, அப்போதும் இப்படித்தான். முதலில் சிரித்தேன். பிறகுதான் தூக்கினேன். அந்த இடைவெளியில் நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அது என் புத்தி. மாறாது.

டீ முடிந்ததும் சொன்னேன், "டேய் அறிவாளி, நீ கறையவா எட்க்கிற, குரோமையே எட்த்துகினு கீற."

பிளேடை வீசிவிட்டு அழுதாய். இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை, தெருவில், ஒரு சைலன்சருக்கு. அதையும் இங்கே எழுதுகிறேன், உன் அத்தைகள் படிக்கட்டும். அப்புறம் நான் இறங்கினேன். ஃபேன்ஸி ஸ்டோரில் நகப்பூச்சு அழிக்கிற பாட்டில் கேட்க நீ வெட்கப்பட்டு நின்றாய். நான் தெருவுக்கு இந்தப் பக்கமிருந்தே கடைக்காரம்மாவைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டு மாப்பிள்ளை நகத்தில் சாயம் அழிக்க வேண்டுமாம் என்று கத்தினேன். மூன்று வீட்டு ஜன்னல் திறந்தது. கறையில் முக்கால்வாசி எடுத்துக்கொடுத்தது இந்தக் கைதான். கீழ்ப்பக்கத்தில் ஒரு நிழல் மட்டும் நின்றது. குனிந்து பார்த்தால்தான் தெரியும், யார் குனியப்போகிறார்கள் என்று விட்டேன்.

ரேவதியின் அப்பா குனிந்தார். வழக்கத்துக்கு மாறாக மகளையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து காட்டுப்பாக்கத்தில் அடுக்குமாடியில் வீடு வாங்கிக் குடியிருக்கிற மனிதர், அரசாங்க ஆபீசில் கோப்புப் பார்த்து ஓய்வு பெற்றவர். நம் வீட்டையும் கோப்பு மாதிரிதான் பார்த்தார். குழாயைத் திறந்து தண்ணீர் வேகம் பார்த்தார். மாடிப்படிக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். நம் இரண்டு வீட்டிலும் ஒரே பழக்கம்தான்: வீடு பார்க்க வந்த இடத்தில் திருப்தி என்றால்தான் கை நனைப்பார்கள், இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். உன் சித்தி காலையிலிருந்து சமைத்து, கூடத்தில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். இன்னும் பத்து நிமிடம். அவர் உட்கார்ந்திருந்தால் உன் வாழ்க்கையே வேறு. ஆனால் அவர் வாசலுக்குப் போய் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

நீயும் ரேவதியும் போட்ட நாடகம் நம் வீட்டில் யாருக்குத் தெரியாது? எஸ்டேட்டில் அடுத்தடுத்த கட்டடத்தில் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு வருடம் பழகியிருக்கிறீர்கள். அவள் அப்பாவுக்குக் காதல் என்ற சொல்லே ஆகாது. அதனால் தரகர் அம்மாவைப் பிடித்து, ஜாதகத்தை அவர் கையில் கொடுத்து, முன்பின் தெரியாதவர்கள் மாதிரி பெண் பார்க்கப் போய், அவள் காப்பி கொண்டுவர, நீ தலை குனிய. பெண் பார்த்த அன்றைக்கு அவளிடம் பேர் என்ன என்று கேட்டாயாமே. பெரிய நடிகன்.

வண்டி எங்கேயாவது விழுந்ததா என்று அவர் உன்னைக் கேட்டார். பையன் வேகமாக ஓட்டுகிறவனோ என்று அவருக்குச் சந்தேகம். நீ இல்லை, இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றாய். நான்தான் குறுக்கே போனேன். விழவில்லை, பிளாஸ்டிக் உருகி ஒட்டியது, நான் எடுத்துவிட்டேன், எஸ்டேட்டில் பஃபிங் எக்ஸ்பர்ட் என்று என் பெருமையைச் சொன்னேன். மந்திரி பம்பர் கதையையும் ஆரம்பித்தேன். அவர் முழுதாகக் கேட்கவில்லை. கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பஃபிங்னா, இந்தத் தொடைக்கிற வேலைங்களா?"

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். வேண்டுமென்று சிரித்தாரோ, பழக்கத்தில் சிரித்தாரோ தெரியாது. இருபத்தாறு வருடம் மூக்கில் துணி கட்டி, கறுப்புக் கறுப்பாகத் துப்பி, அந்தச் சம்பளத்தில் உன்னையும் படிக்க வைத்தவனைப் பார்த்து, தொடைக்கிற வேலையா என்று கேட்டார். நீ பக்கத்தில்தான் நின்றாய். உனக்குக் காது கேட்டது. பெண் கிடைத்தால் போதும் என்று நீயும் சேர்ந்து சிரித்தாய். இல்லை என்று சொல்லாதே, பல் தெரிந்தது.

அப்போதுதான் சொன்னேன்.

"ஆமா சார், தொடைக்கிற வேலதான். உங்க பொண்ணு ஒட்ட வெச்சத்த தான் ரெண்டு நாளா தொடச்சிகினு கீறேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் புரிய வைத்தேன். புதன்கிழமை சாயந்தரம், நல்ல மழை, அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு எதிரில் நான் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு நின்றேன். உங்கள் பெண் நீல நிற மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு இவன் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கோட்டின் ஓரம் தொங்கிக் குழாயில் பட்டுப் புகைந்தது, நாற்றம் எனக்கே அடித்தது, இரண்டு பேரும் கவனிக்காமல் பேசிச் சிரித்துக்கொண்டே போனார்கள். இப்படி நான் சொல்லச் சொல்ல, கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்துவிட்டார்கள். உன் சித்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. எனக்குக் கதை சொல்ல வாய்த்தால் நடுவில் நிறுத்திப் பழக்கம் இல்லை.

அவர் உன்னைக் கேட்கவில்லை. திரும்பி மகளைத்தான் கேட்டார், சத்தம்கூட உயர்த்தாமல்.

"உண்மையாம்மா?"

ரேவதி என்னைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஒரு வயதான வாயாடி என்று ஆகியிருக்கும், எல்லோரும் சிரித்துவிட்டு இலையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அவள் உன்னை மாதிரி இல்லை. தெரு, நேரம், கோட்டின் நிறம் எல்லாம் சொல்லிவிட்டேனே, நேரில் பார்த்த மனிதர் முன்னால் எப்படி மறுப்பது என்று நினைத்திருப்பாள். ஆமாம்ப்பா, ரெண்டு வருஷமா என்றாள். ரெண்டு வருஷம் என்று யாரும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் மட்டும், போகிறபோது, ரொம்ப நன்றிங்க, நல்லாத் தொடைச்சீங்க என்றார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்த ஒரே வார்த்தை அதுதான். அவர்கள் கார் திரும்புகிற வரைக்கும் நீ சைலன்சருக்குப் பக்கத்தில் இன்னொரு சைலன்சர் மாதிரி நின்றாய். வாய் இருந்தது. கால் இருந்தது. ஓடிப்போய்க் கார் கதவைப் பிடித்திருக்கலாம். நான் செய்தது தப்பு என்று ஊரே சொல்லட்டும், நீ செய்யாதது எவ்வளவு பெரிது என்று யாராவது சொன்னார்களா? நான் உள்ளே போய், அவருக்குப் போட்டிருந்த இலையில் உட்கார்ந்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டேன். உன் சித்தி பரிமாறவில்லை. நானே போட்டுக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயந்தரம் மொட்டை மாடியில் நீ அவளோடு போனில் பேசியதை நான் படிக்கட்டில் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்டது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். உன்னைப் பார்த்து அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். நீ அவளைக் கோபித்துக்கொண்டிருந்தாய். கோட்டை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு உட்காரத் தெரியாதா, உன் அஜாக்கிரதையால் எல்லாம் போச்சு என்றாய். அவள் அந்தப் பக்கம் அழுதுகொண்டு என்ன சொன்னாள் என்பது உன் பதிலில் இருந்தே தெரிந்தது. கோட்டின் ஓரத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன் என்று அவள் சொல்கிறாள். நீ நம்பவில்லை. மறுபடியும் சொல்கிறாள். நீ மறுபடியும் நம்பவில்லை. கடைசியில், "சித்தப்பாவே பாத்திருக்காரு, அவரு எதுக்குப் பொய் சொல்லணும்" என்று சொல்லிப் போனை வைத்தாய். கல்யாணத்தை உடைத்தவன் மேல் அன்றைக்கு உனக்குக் கோபம் இருந்தது. ஆனால் அவன் கண் மேல் உனக்குச் சந்தேகமே வரவில்லை. பெற்ற பிள்ளைகூட என்னை அவ்வளவு நம்பியிருக்காது.

புனேக்குப் போகிறாய். போ. அங்கே போய்ச் செய்ய வேண்டியது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். யாராவது உன் மனிதர்களைக் கேலி செய்து சிரித்தால் கூடச் சிரிக்காதே. சிரித்தால் பக்கத்தில் இருக்கிற கிழவன் வாயைத் திறந்துவிடுவான். யார் மேலாவது குற்றம் சொல்வதற்கு முன்னால் வண்டியை யார் யார் எடுத்தார்கள் என்று விசாரி. உன் வீட்டில் குரோம் வேலை தெரிந்த ஒரு ஆள் இருந்தும், பிளாஸ்டிக் எப்போது ஒட்டியது, என்ன பிளாஸ்டிக் என்று நீ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மழைக்கோட்டுத் துணி உருகினால் மெல்லிசாகப் படரும். அன்றைக்கு நீ பிளேடால் சுரண்டியதோ கட்டி கட்டியாக, பின்னல் பின்னலாக வந்தது. உன் கையில்தான் வந்தது. நீ பார்க்கவில்லை.

இதுவரைக்கும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் உன்னிடமிருந்து இன்னொரு செய்தி வந்து கிடந்தது. ஐஸ் குச்சி, வெள்ளித்தாள் எல்லாம் சித்தியிடம் போனில் கேட்டு முயற்சி செய்துவிட்டாயாம். 'அவ வெச்ச கறை, போகவே போகாது போலிருக்கு' என்று எழுதியிருக்கிறாய். நாலு மாதம் கழித்தும் உன் கணக்கில் கறை வைத்தது அவள்தான். சித்தியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாயா, அந்தப் பொண்ணு பேர்லயே இந்தக் கறை போவணுமா?"

அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்குத் தெரியும். நாலு மாதமாகத் தெரியும்.

நீ கறையைப் பார்த்த அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, நீ கம்பெனி வேனில் போனாய். வண்டி வாசலில் நின்றது. நசரத்பேட்டையில் என்னோடு பஃபிங் செய்த பழைய கூட்டாளி ஒருவன் இருக்கிறான். அவனிடம் இது என் வண்டி என்று காட்டுவதற்காக, உன்னைக் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது தூறல். அவன் வீட்டிலிருந்து ஒரு துண்டுத் தார்ப்பாய் வாங்கி, நீலக் கலர், முழங்காலில் போட்டுக்கொண்டு வந்தேன். கரையான்சாவடி தாண்டுகிறபோது தீய்ந்த நாற்றம் அடித்தது. முன்னால் போகிற லாரி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தேன். மிச்சத் தார்ப்பாயைச் சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, வண்டியை இருந்த இடத்தில் அப்படியே நிறுத்தினேன். இருபத்தாறு வருடம் குரோம் பார்த்தவன் குழாயில் தார்ப்பாயை உருக்கிவிட்டான் என்று எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை நீ ரேவதிக்குப் போன் போட்டு, புதன்கிழமை சாயந்தரம் ஓ.டி.யில் மழைக்கு ஏறினாயே, உன் நீலக் கோட்டுதான் ஒட்டியிருக்கிறது என்று கத்தினாய். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் இரண்டு வருடக் கதை எனக்குத் தெரிந்ததே அந்த நிமிடத்தில்தான். ஜாதகம் வந்த அன்றே சொன்னேன் என்றதெல்லாம் சும்மா. அப்பாடா, பழி போய்ச் சேர இடம் கிடைத்தது என்று இருந்துவிட்டேன்.

ரேவதிக்கு இன்னும் எங்கேயும் முடிவாகவில்லை என்று தரகர் அம்மா சொன்னார். வருகிற இடம் எல்லாவற்றையும் அவளே தட்டிவிடுகிறாளாம். நீ புனேக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால் அவளிடம் போவதும் போகாததும் உன் பாடு. போனால், நான் சொன்னேன் என்று சொல்லாதே. இந்தக் காகிதத்தின் படத்தையே காட்டு. கீழே என் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவள் அப்பா முன்னால் நான் சொன்னதில் தெரு, நேரம், கோட்டின் நிறம் எல்லாம் வெள்ளிக்கிழமை நீ போனில் கத்தியதிலிருந்து எடுத்தது. வாழைப்பழம் மட்டும் நான் சேர்த்தது. புதன்கிழமை மழைக்கு நான் வீட்டை விட்டு இறங்கவே இல்லை, பாலா. ஓ.டி.யில் நான் யாரையும் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
சித்தப்பா